57 கேட்டால் 56 வருகிறது

மார்ச் 4

தம்பிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். அடுத்தவர் சொத்தில் சத்தமில்லாமல் கை வைக்கிறவர்களுக்குப் பசியும் தூக்கமும் நன்றாகவே இருக்கும்.

இவள் ஏன் தாளில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். என் மின்னஞ்சல் பெட்டியும் உன் சர்வரில்தானே இருக்கிறது? அதில் நீ ஒன்றை எழுதிவிட்டு நாளைக்கு அதையே மாற்றி வைத்தாலும் எனக்கென்ன தெரியும்? போனில் பேசலாம் என்றால், நேற்று சாயங்காலம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "சிக்னல் சரியில்லக்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். தாளில் சிக்னல் போகாது. எழுதியதை அடித்தால் அடித்ததும் தெரியும். பதிலும் தாளிலேயே வரட்டும், கீழே கையெழுத்தோடு.

கேள்வி இதுதான். அத்தானுடைய 'தெரியாது' பக்கம் எங்கே போனது?

மறந்த மாதிரி நடிப்பாய், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். அவர் முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர். லிஃப்ட் நின்றுவிட்டால் மோட்டார் அறையில் உள்ள பலகையில் ஒரு எண் தெரியும். எந்த எண்ணுக்கு என்ன பழுது, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். நீ அதை இணையதளமாக்கினாய். எண்பது எண்களில் அவருக்குத் தெரிந்தது அறுபத்தெட்டுதான். மீதி பன்னிரண்டை யாராவது கேட்டு வந்தால் என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது, "சர்வர் தானா 'பக்கம் இல்லை'ன்னு ஒரு மொட்டை வரி காட்டும் அத்தான். அதுக்குப் பதிலா நாமளே ஒரு பக்கம் எழுதி வச்சுக்கலாம்" என்று சொன்னவனும் நீதான். அவர் அரை நாள் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"இந்த எண் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுத மனம் வரவில்லை. நீங்களும் தெரிந்த மாதிரி கை வைக்காதீர்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள். கீழே இறங்குங்கள். இறங்கியபின் யோசிக்கலாம்."

இதுதான் அந்தப் பக்கம். நேற்று எதேச்சையாக 57 என்று போட்டுப் பார்த்தேன். அது அவருக்குத் தெரியாத எண்களில் ஒன்று. 'தெரியாது' வரவில்லை. 56-ஆம் எண் பக்கம் வந்து நின்றது. 56 என்ன சொல்கிறது என்றாவது உனக்குத் தெரியுமா? கதவு மூடிய செய்தி வரவில்லை, லிஃப்ட் நகராது, மின்சாரத்தை அணைக்காமலே லிஃப்ட் பெட்டியின் மேல் ஏறி, கதவு மூடியதும் மின்சாரம் இணைகிற தொடுப்பைத் துடைக்கலாம் என்கிறது. 57-க்கு அதைச் செய்யலாமா? அவருக்கே தெரியாததை உனக்கு யார் சொன்னார்கள்?

ஆஸ்பத்திரியில் கடைசி நாளில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு "அந்தப் பக்கத்துல ஒரு எழுத்தக்கூட மாத்த மாட்டேன் அத்தான்" என்றாய். நான் காலடியில்தான் உட்கார்ந்திருந்தேன். ஏதாவது லிஃப்ட் கம்பெனிக்குத் தளத்தை விற்றுவிட்டாயா? விற்றிருந்தால் சொல்லிவிடு. ஒளித்து வைத்தால்தான் எனக்கு ஆகாது.

அக்கா

மார்ச் 11

அக்காவுக்கு,

உன் கடிதம் அலுவலக முகவரிக்கு வந்தது. வீட்டு முகவரி உனக்குத் தெரியும். பத்துப் பேர் பார்க்கட்டும் என்றுதான் இங்கே அனுப்பியிருக்கிறாய். வரவேற்பில் இருந்த பெண், "சார், உங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை" என்று கொண்டுவந்து கொடுத்தாள். நீ எழுதியிருக்கும் அழகுக்குக் கல்யாணப் பத்திரிகைதான் குறைச்சல்.

பதில் சொல்கிறேன். நான் எதையும் விற்கவில்லை. 57-ஐ என் கணினியில் போட்டேன், 'தெரியாது' பக்கம் வந்தது. போனில் போட்டேன், வந்தது. பக்கத்து மேசைக்காரரின் போனிலும் வந்தது. அத்தானின் ஆறு வரியில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். எந்த வீட்டிலிருந்து எந்தப் பக்கத்தை எந்த நேரத்தில் கேட்டார்கள் என்பதைச் சர்வர் வரி வரியாகக் குறித்து வைக்கும். லாக் என்போம். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. பிப்ரவரி 12 காலை ஏழு மணியிலிருந்து இன்றுவரை தேடினேன். உன் வீட்டு இணைப்பிலிருந்து 57-ஐ யாரும் கேட்கவே இல்லை. நேரே 56-க்குத்தான் வந்திருக்கிறாய். மார்ச் 3 அன்றும் அப்படித்தான். கேட்காத பக்கம் வரவில்லை என்று எனக்கு நான்கு பக்கம் திட்டு.

நான் சுற்றி வளைக்கப் போவதில்லை. மெக்கானிக் சங்கத்துச் செயலாளர் உன் வீட்டுக்கு வந்து போனதாகக் கேள்விப்பட்டேன். தளத்தைச் சங்கத்தின் பேரில் எழுதித் தரச் சொல்லி அவர் என்னிடமும் இரண்டு முறை கேட்டார். என்னிடமிருந்து அதை வாங்க ஒரு காரணம் வேண்டும், அதற்காக நீங்கள் இருவரும் சேர்ந்து கட்டிய கதைதானா இது? ஆமாம் என்றால் நேராகவே கேட்டிருக்கலாம். கொடுத்திருப்பேன்.

இங்கே வேலை அதிகம். மேலாளர் மாதக் கணக்கைப் பார்க்கிற நேரம்.

தம்பி
(கையெழுத்து கேட்டாயே, போட்டிருக்கிறேன்.)

மார்ச் 19

தம்பிக்கு,

சங்கச் செயலாளர் வந்தார். அவருடைய மகளுக்குப் பல் கட்ட வேண்டும், எங்கள் பல் ஆஸ்பத்திரியில் எந்த டாக்டர் நல்லவர் என்று கேட்டுவிட்டுப் போனார். நான் வரவேற்பு மேசையில் இருக்கிறவள், வேறு யாரைக் கேட்பார்? காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்.

உன் கடிதம் வந்த அன்றே மேல்வீட்டு நர்ஸைக் கூப்பிட்டேன். அவள் போனில் 57 போடச் சொன்னேன். நீ சொன்னது சரி, 'தெரியாது' வந்தது. அதே மேசையில், அதே நிமிஷத்தில், என் லேப்டாப்பில் 57 போட்டேன். 56 வந்தது. அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, உங்களுக்கு மட்டும் வேற காட்டுது? யாரோ வேணும்னே பண்ற மாதிரி இருக்கே" என்றாள். நான் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. தானாகச் சொன்னாள்.

ஊருக்கெல்லாம் திறந்திருக்கிற கதவு எனக்கு மட்டும் சாத்தியிருக்கிறது. இதற்கு நீ என்ன பெயர் வைத்திருக்கிறாய்? உன் லாக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது என்கிறாய். லாக்கை எடுத்துப் படிக்கிறவனுக்குத் தெரியுமே!

இப்போது என் முறை. நான் 57 போட்டுப் பார்த்ததாக எழுதிய தேதி மார்ச் 3. நீ அந்த ஒரு நாளைப் பார்த்தால் போதும். ஏன் பிப்ரவரி 12-லிருந்து தேடினாய்? அதிலும் காலை ஏழு மணியிலிருந்து? நான் எந்தத் தேதியையும் கேட்கவில்லை, எந்த மணியையும் கேட்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று நீயாகவே வந்து சொல்கிறாய்.

ஏழு மணிக்கு முன்னால் என்ன நடந்தது?

அக்கா

மார்ச் 27

அக்காவுக்கு,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். மின்னஞ்சலாக இருந்தால் இந்நேரம் முடிந்திருக்கும்.

பிப்ரவரி 12 காலை 6.20 முதல் 7.00 வரை, நாற்பது நிமிஷம், நான் அத்தானுக்குக் கொடுத்த வாக்கை மீறினேன்.

நம் தளம் எங்கள் கம்பெனி சர்வரில் இருக்கிறது, இடம் இலவசம். மேலாளர் மாதம் ஒருமுறை அதையும் கணக்கெடுப்பார். 'தெரியாது' பக்கத்தைக் காட்டும்போதெல்லாம் சர்வர் அடியில் 404 என்று ஓர் எண்ணையும் சேர்த்து அனுப்பும். கேட்டது இங்கே இல்லை என்று பொருள். அந்த 404-கள் எத்தனை என்பதுதான் அவருடைய கவலை. ஜனவரி கணக்கில் 57 முதலிடம். ஒரு வருஷத்தில் 412 தடவை. "இத்தனை பேர் ஒரே நம்பரைத் தேடி வந்து வெறுங்கையோட போறாங்க. இல்லேன்னு சொன்னா திரும்ப வருவாங்களா? பக்கத்துல இருக்கற பக்கத்துக்குத் திருப்பி விடு" என்றார். நான் இரண்டு வாரம் இழுத்தடித்தேன். பிறகு ஆள் நடமாட்டம் குறைவான நேரம் பார்த்து, அன்று காலை ஒரு வரி எழுதினேன். இல்லாத எண்ணைக் கேட்டால் அதற்கு முந்தைய எண்ணின் பக்கத்துக்குப் போ என்று. எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். டீ இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில்தான் கண்ணில் நின்றது. ஏழு மணிக்கு வந்து அந்த வரியை எடுத்துவிட்டேன். மேலாளரிடம், அது சரிவரவில்லை என்று சொன்னேன். யாரும் பார்க்கவில்லை, நமக்குள் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அதனால்தான் ஏழு மணியிலிருந்து தேடினேன். அதற்கு முன்னால் பார்க்கப் பயம்.

உன் கடிதம் வந்தபிறகு பார்த்தேன். அன்று 6.40-க்கு உன் வீட்டிலிருந்து 57-ஐக் கேட்டிருக்கிறாய்.

திருப்பி விடுவதில் இரண்டு வகை உண்டு. 'இப்போதைக்கு அங்கே போ' என்று சொல்லலாம். 'இனி எப்போதும் அங்கேதான்' என்றும் சொல்லலாம். நான் எழுதியது இரண்டாவது. அதை ஒருமுறை கேட்ட பிரவுசர் மனதில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை 57 போட்டால் எங்களைக் கேட்காது, தானாகவே 56-க்குப் போய்விடும். இங்கே நான் வரியை எடுத்துவிட்டது அதற்கு எப்படித் தெரியும்? கேட்டால்தானே சொல்ல? உன் லேப்டாப்பில் 56 வருவதும் நிஜம். என் லாக்கில் நீ 57 கேட்காததும் நிஜம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நான் மட்டும் பாதி சொன்னேன்.

பிரவுசரின் அமைப்புகளில் 'சேமித்த தரவை அழி' என்று ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் சரியாகிவிடும்.

இன்னும் ஒன்று. அந்த 412 பேர் யார் என்று இப்போதுதான் பிரித்துப் பார்த்தேன். 397 ஒரே வீட்டு இணைப்பிலிருந்து. காலை 6.40 வாக்கில், வாரத்தில் ஏழு நாளும், சில நாள் இரண்டு தடவை. எதேச்சையாகப் பார்த்தேன் என்று எழுதியிருந்தாய். நான் ஒன்றும் கேட்கவில்லை.

தம்பி

ஏப்ரல் 3

தம்பிக்கு,

அழித்தேன். 57 போட்டேன். வந்தது. 'கீழே இறங்குங்கள்' வரை படித்துவிட்டு மூடிவைத்தேன். வேலைக்கு நேரமாகிவிட்டது.

எதேச்சையாக இல்லை, ஒப்புக்கொள்கிறேன். மற்ற அறுபத்தெட்டுப் பக்கமும் மோட்டாரும் கம்பியும்தான். அவர் பேசுகிற மாதிரி இருக்கிற பக்கம் அது ஒன்றுதான். "தெரிந்த மாதிரி எழுத மனம் வரவில்லை" என்று சொல்லும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், எனக்கு ஞாபகம் இருக்கிறது. பன்னிரண்டு எண்ணில் எதைப் போட்டாலும் அது வரும். கடைசியாக அவர் யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தது 57-ஐப் பற்றி, அதனால் 57. பிப்ரவரி 12 அன்றே 56 வந்ததைப் பார்த்தேன். நீயே சரி செய்வாய், செய்யாவிட்டால் உன்னிடம் போய்க் கேட்க வேண்டுமே, கேட்டால் தினமும் பார்க்கிறாயா என்பாயே என்று மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போதுமா?

உன்னைத் திட்ட நிறைய வைத்திருந்தேன். டீ இறங்கவில்லை என்று எழுதியிருந்ததைப் படித்ததும் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இருக்கிறது.

நீ எழுதிய தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "6.40-க்கு உன் வீட்டிலிருந்து" என்ற வரிக்குக் கீழே அரை வரி அடித்திருக்கிறாய். பேனாவை அழுத்தி அழுத்தி அடித்திருக்கிறாய். "உன்னைத் தவிர" என்பதுவரை படிக்க முடிகிறது.

என்னைத் தவிர யார்?

அக்கா

ஏப்ரல் 10

அக்கா,

ஒருவர். பிப்ரவரி 12 காலை 6.51. கைப்பேசி. பெயர் தெரியாது, ஊர் தெரியாது. மிகப் பழைய மாடல் போன். அந்த மாடலில் நம் தளத்துக்கு வருகிறவர் அவர் ஒருவர்தான், அதனால் அடையாளம் தெரிகிறது. அவர் கேட்டது 57. நான் காட்டியது 56.

அதன் பிறகு பிப்ரவரி 27, மார்ச் 15, ஏப்ரல் 2 ஆகிய தேதிகளில் வந்திருக்கிறார். மூன்று தடவையும் 56. அவருக்கு நிஜமாகவே 56-தான் வேண்டுமா, 57 போட்டு அவர் போன் தானாகத் திருப்பி விடுகிறதா என்று எனக்குக் கண்டுபிடிக்க வழியில்லை. ஏப்ரல் 2-க்குப் பிறகு அவர் வரவே இல்லை. தினமும் அலுவலகம் வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் பார்க்கிறேன். அன்று உனக்கு எழுதும்போது மறைக்க நினைத்தேன். உன்னை ஏமாற்ற இல்லை. எழுதிவிட்டால் உண்மையாகிவிடும் என்று ஒரு பயம்.

அவருடைய போனுக்குள் நான் கை விட முடியாது. அது 56-ஐத்தான் கேட்கும், அதனால் செய்வதை 56-இல்தான் செய்ய வேண்டும். இரண்டு வழி இருக்கிறது.

56-இல் உள்ளதை வேறு முகவரிக்கு மாற்றிவிட்டு, பழைய 56 முகவரியைக் காலியாக விடலாம். காலி என்றால் சர்வர் தானாக 'தெரியாது' பக்கத்தைக் காட்டும். அவர் வந்தால் "கீழே இறங்குங்கள்" என்பதைப் படிப்பார். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நிஜமாக 56 வேண்டும் என்று வருகிறவர்களுக்கும் தெரியாது என்றுதான் வரும். பல மோட்டார் அறைகளில் பழைய முகவரியை அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள்.

இல்லையென்றால், 56-இன் தலையிலேயே நடந்ததை எழுத வேண்டும். மேலாளரிடம் கேட்டேன். "நாமளே தப்பு பண்ணினோம்னு நாமளே போர்டு மாட்டறதா? கம்பெனி சர்வர்ல அதெல்லாம் வேண்டாம்" என்றார். முதல் வழியை இன்று மாலையே செய்ய முடியும்.

நீ சொல்கிறபடி செய்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 16

தம்பிக்கு,

முதல் வழி வேண்டாம். அத்தானுக்கு 56 தெரியும். தெரிந்ததைத் தெரியாது என்று அவர் வாயில் திணிக்க உனக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்ல வைத்துப் பட்டது போதாதா?

போர்டை மாட்டு. பெரிய எழுத்தில். சுற்றி வளைக்காமல், 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக' என்றெல்லாம் நழுவாமல் எழுது. கோளாறுக்குக் கையும் காலும் இருக்கிறது, அது என் அப்பாவுக்குப் பிறந்தது. என் வீட்டு போன் எண்ணைப் போடு. கம்பெனி எண்ணைப் போட்டால் அவர்களுக்கு வேலை, நம் வீட்டு எண்ணைப் போட்டால் நமக்கு வேலை.

மேலாளர் வேண்டாம் என்றால் தளத்தை அங்கிருந்து தூக்கு. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, உன் சர்வரைக் கொண்டுவந்து வை, நான் துடைத்து வைக்கிறேன். சிரிக்காதே. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

அந்த மனிதர் ஏப்ரல் 2-க்குப் பிறகு வரவில்லை என்று எழுதியிருக்கிறாயே. இரண்டு நாளாக ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தப்புத் தப்பாக நேரம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வேறு ஏதாவது அடித்து வைத்திருக்கிறாயா என்று இந்தக் கடிதத்தையும் வெளிச்சத்தில் பிடித்தேன். இல்லை. அதற்காக ஒரு நன்றி.

அக்கா

ஏப்ரல் 24

அக்கா,

நேற்று காலையில் மாட்டினேன். 56-இன் மேலே, அத்தானின் எழுத்துக்கு முன்னால், இப்படி:

"நில்லுங்கள். நீங்கள் 57 என்று தேடி இங்கே வந்திருந்தால் இது உங்களுக்கான பக்கம் இல்லை. பிப்ரவரி 12 காலை 6.20 முதல் 7 மணி வரை, 57 கேட்டவர்களை நான் இங்கே திருப்பி விட்டேன். இந்தப் பக்கத்தை எழுதியவர் அப்படிச் சொல்லவில்லை. அவருக்கு 57 தெரியாது. உங்கள் போன் இன்னும் என் பழைய பேச்சையே நம்பிக்கொண்டிருக்கலாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இறங்குங்கள். இறங்கியதும் கீழே உள்ள எண்ணில் கூப்பிடுங்கள். தவறு செய்தவன், இந்தத் தளத்தின் புரோகிராமர்."

மேலாளர் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். மாதக் கடைசிக்குள் தளத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். என்னைப் போகச் சொல்லவில்லை. அடுத்த மாதம் சொல்லலாம், அவர் முகம் அப்படி இருந்தது. சின்னதாக ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து நேற்றே எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். முகவரி அதேதான். மாடி அறைக்கு இப்போதைக்கு அவசியம் இல்லை.

அந்தப் போன் இன்னும் வரவில்லை.

தம்பி

மே 9

தம்பிக்கு,

கூப்பிட்டுவிட்டார். உயிரோடு இருக்கிறார். அதை முதலில் எழுதிவிட்டேன், இனி உட்கார்ந்து படி.

நேற்று மத்தியானம் போன் வந்தது. "அக்கா, நீங்க போர்டு போட்டிருக்கீங்களாமே, அந்த ஆள் நான்தான்" என்றார். அவருடன் வேலை செய்கிறவர் யாரோ 56-ஐப் பார்க்கப் போய், போர்டைப் படித்துவிட்டு, இவரிடம் வந்து வாசித்துக் காட்டியிருக்கிறார். இவருடைய போன் உடைந்துவிட்டது. ஏப்ரல் 2 அன்று லிஃப்ட் குழியில் விழுந்து உடைந்தது.

ஒரே கட்டடம், ஒரே லிஃப்ட். நான்கு தடவையும் பலகையில் 57 வந்திருக்கிறது. நான்கு தடவையும் அவர் போனில் 56-இன் பக்கம் திறந்திருக்கிறது. "தலைப்புல 56-னு இருந்துச்சுக்கா, பார்த்தேன். ஆனா உங்க வீட்டுக்காரர் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்றவராச்சே. அவரே இங்க அனுப்புறார்னா ரெண்டும் ஒரே பழுதாத்தான் இருக்கும்னு ஏறிட்டேன்" என்றார். மின்சாரத்தை அணைக்காமல் பெட்டியின் மேல் ஏறித் தொடுப்பைத் துடைத்திருக்கிறார். முதல் தடவை ஓடியது. இரண்டாம் தடவையும் ஓடியது. திரும்பத் திரும்ப 57 வந்ததும் பக்கத்தின் மேல் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. "நான்தான் சரியாத் துடைக்கலையோன்னு நெனச்சேன்" என்றார். நான்காவது தடவை, அவர் மேலே நிற்கும்போது பெட்டி நகர்ந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. சுவரோடு சேர்ந்து நின்றதால் தலை தப்பியது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். நீ செய்ததைச் சொன்னேன். 397 தடவை நான் திறந்ததையும், அதைப் பார்த்துத்தான் உன் மேலாளர் திருப்பி விடச் சொன்னார் என்பதையும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, "உங்க தம்பி சின்ன வயசா?" என்று கேட்டார். முப்பத்தெட்டு என்றேன். "அப்ப சரி, புரிஞ்சுக்குவாரு" என்றார்.

போனை வைத்துவிட்டு நம் கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கினேன். பிப்ரவரி 12-லேயே எனக்குத் தெரியும். கௌரவம் பார்த்தேன். மார்ச் 11-லேயே நீ சொல்லியிருக்கலாம். நீ என்னைப் பொய்க்காரி என்றாய், நான் உன்னைத் திருடன் என்றேன். நீ எழுதியதை அடித்து மறைத்தாய், நான் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். தபால் போக ஒரு வாரம், வர ஒரு வாரம். நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், யாரையுமே சந்தேகப்படத் தெரியாத ஒருவர் அந்தப் பெட்டியின் மேல் ஏறிக்கொண்டிருந்தார்.

முகவரி வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை பார்க்கப் போகிறேன். நீயும் வா. என் பின்னால் நிற்காமல் முன்னால் வந்து நில்.

அக்கா

மே 29

அக்கா,

அன்று அவர் வீட்டிலிருந்து திரும்பியபோது, பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். கோபமா, அழுகையா, எனக்குத் தெரியவில்லை. அவர் ஒரு கையால் நாற்காலியை இழுத்துப் போட்டு "உக்காருங்க" என்றாரே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சுடுகிறது.

கேட்க வந்தது வேறு. மே 16-லிருந்து உன் வீட்டிலிருந்து 57-க்கு யாரும் வரவில்லை. தினமும் 6.40-க்குப் பார்க்கிறேன். பதின்மூன்று நாள் ஆகிறது. முதலில் லேப்டாப் பழுதோ என்று நினைத்தேன். பிறகு உனக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்து போன் செய்தேன். ஆஸ்பத்திரி எண்ணில் நீதான் எடுத்தாய், "வணக்கம், பல் மருத்துவமனை" என்றாய், குரல் நன்றாகத்தான் இருந்தது. வைத்துவிட்டேன். என் மேல் இன்னும் ஏதாவது சந்தேகமா?

தம்பி

ஜூன் 4

தம்பிக்கு,

மூச்சு மட்டும் விட்டுவிட்டு வைத்தது நீதானா? போலீசில் சொல்லலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. லேப்டாப்பும் நன்றாக இருக்கிறது. உன் மேலும் இப்போதைக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் பக்கத்தை நான் இனித் திறப்பதில்லை. ஆறு வரியும் எனக்கு மனப்பாடம். எழுந்ததும் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். குரல் அவர் குரலாக இல்லை, அது ஒன்றுதான் குறை. ஆனால் நான் திறக்கிறபோதெல்லாம் உன் லாக்கில் ஒருவர் கூடுகிறார். லிஃப்ட் முன்னால் யாரும் நிற்காமலே, யாரோ நிற்பதாகக் கணக்கு சொல்கிறது.

இனி அங்கே 57 என்று ஒரு வரி விழுந்தால் அது நான் இல்லை. எங்கேயோ ஒருவர் மோட்டார் அறையில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று வைத்துக்கொள். உடனே பார்.

அக்கா